எல்லைக்கோடும் ஏழைப் பள்ளியும்

முன்னுரை

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகம், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகளைப் பள்ளி வாயிலுக்குள் கொண்டு சேர்க்க ஆற்றிய தொண்டினை இம்மலரின் பிற பக்கங்கள் எடுத்துரைக்கும். வாயிலுக்குள் நுழைந்த பிள்ளைக்கு அங்கே என்ன காத்திருக்கிறது என்பது அடுத்த வினாவாகும். நல்ல கூரையுள்ள வகுப்பறையா, மழைக்கு ஒழுகும் வகுப்பறையா? பாடத்திற்குரிய தகுதி பெற்ற ஆசிரியரா, ஆள் கிடைக்காத நிலையில் அமர்த்தப்பட்டவரா? இவற்றைப் பெரும்பாலும் முடிவு செய்வது பணமே. அப்பணம் எங்கிருந்து வருகிறது, எவ்விதி கொண்டு பங்கிடப்படுகிறது என்பதை ஒடுக்கப்பட்ட மக்கள் அறிந்து வைத்திருத்தல் இன்றியமையாதது. இன்னாரைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லும் பள்ளியை அடையாளம் காண்பது எளிது. எல்லாரையும் சேர்த்துக்கொண்டு, ஏழையின் பள்ளியை மட்டும் என்றும் ஏழையாகவே வைத்திருக்கும் விதியை அடையாளம் காண்பது அரிது.

இவ்வுண்மையை விளக்க அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டேன். ஒரே நகரத்தில், சில கல் தொலைவுக்குள் இருந்த இரு பள்ளி மாவட்டங்களின் வரலாறு அது. செல்வத்தில் முதலிடம் வகிக்கும் நாட்டிலும் ஏழைப் பள்ளி எவ்வாறு உருவாக்கப்பட்டது, அதனை மாற்ற எளிய பெற்றோர் எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பதை அது காட்டுகிறது.

பள்ளி மாவட்டம் என்னும் அமைப்பு

நம் நாட்டில் மாவட்டம் என்றால் ஆட்சித் தலைவரின் பொறுப்பில் உள்ள நிலப்பரப்பு என்று பொருள் கொள்வோம். அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது வேறு. பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த உள்ளாட்சி அமைப்பு அது. அதற்குத் தனி எல்லை உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட குழு உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் வரி விதிக்கும் உரிமையும் உண்டு. ஒரே நகரத்திற்குள் பல பள்ளி மாவட்டங்கள் இருக்கக்கூடும்.

நம் மாநிலத்தில் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மாநில அரசே ஊதியம் தருகிறது. பள்ளி இருக்கும் ஊர் வளமான ஊரா, வறண்ட ஊரா என்பதைப் பொறுத்து அவர் ஊதியம் மாறுவதில்லை. அமெரிக்காவிலோ ஆசிரியர் ஊதியம், கட்டடம், நூலகம் ஆகிய அனைத்திற்கும் பெரும்பகுதிப் பணம் நெடுங்காலமாக அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் சொத்து வரியிலிருந்தே திரட்டப்பட்டது. வீடு, மனை, கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் மதிப்பில் 100 டாலருக்கு இவ்வளவு என்று வரி போடுவர். மாநில அரசு ஓரளவு உதவும். மத்திய அரசின் பங்கு சிறிதே.

இதில் உள்ள சிக்கல் ஒரு சிறு கணக்கால் விளங்கும். ஒரு மாவட்டத்தில் ஒரு மாணவனுக்கு 50,000 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்கிறது. மற்றொன்றில் 5,000 டாலர் மதிப்புள்ள சொத்தே இருக்கிறது. இரண்டும் 100 டாலருக்கு ஒரு டாலர் வரி விதித்தால், முதல் மாவட்டத்திற்கு மாணவன் ஒருவனுக்கு 500 டாலரும், இரண்டாவதற்கு 50 டாலரும் கிடைக்கும். இருசாராரும் வரி செலுத்தும் சுமை ஒன்றே. கிடைக்கும் கல்வி ஒன்றன்று.

கொலம்பியாவில் வளர்ந்த எண்ணம்

இவ்வேற்றுமையை அந்நாட்டு அறிஞர்கள் நெடுநாள் முன்பே உணர்ந்திருந்தனர். நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில் ஆய்வு செய்த எல்வுட் கபர்லி, பள்ளி நிதியும் அதன் பங்கீடும் பற்றிய தம் ஆய்வினை 1905 ஆம் ஆண்டு வெளியிட்டார். எல்லாப் பள்ளிகளையும் முற்றிலும் ஒன்றாக்க இயலாவிடினும், இயன்ற அளவு உயர்ந்ததொரு அடிப்படைத் தரத்தை அனைவருக்கும் உறுதி செய்வது மாநிலத்தின் கடமை என்பது அவர் கருத்து. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரேயர், ராபர்ட் ஹெய்க் ஆகிய இருவரும் 1923 ஆம் ஆண்டு அதற்கொரு முறையை வகுத்தளித்தனர். எல்லா மாவட்டங்களும் ஒரே விகிதத்தில் வரி விதிக்கட்டும். அதில் கிடைப்பது அடிப்படைத் தேவைக்குப் போதாத இடங்களில் குறையை மாநில அரசு ஈடு செய்யட்டும் என்பதே அம்முறை.

ஈண்டு நாம் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இவ்வெண்ணங்கள் வளர்ந்த கொலம்பியா பல்கலைக்கழகத்திலேதான் அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்றார். பொது நிதியே அவர் ஆராய்ந்த துறை. பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த வரலாற்றைப் பற்றிய அவருடைய ஆய்வு 1925 ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தபோது, அதற்கு முன்னுரை வழங்கியவர் அவருடைய பேராசிரியர் எட்வின் செலிக்மன். அமெரிக்காவின் பொதுச் சொத்து வரி நீதியற்றது, நடைமுறையிலும் தோல்வியுற்றது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கடுமையாக எழுதியவர் அப்பேராசிரியர். வரி எங்கே திரட்டப்படுகிறது, எங்கே செலவிடப்படுகிறது என்னும் வினா நம் தலைவருக்குப் புதியதன்று.

டெக்சாஸ் மாநிலம் 1949 ஆம் ஆண்டு சட்டம் இயற்றி, இத்தகைய அடிப்படைத் திட்டம் ஒன்றை ஏற்றது. ஆயினும் அதில் இரு குறைகள் இருந்தன. அடிப்படை என்று வைத்த அளவு மிகத் தாழ்ந்திருந்தது. அவ்வளவுக்கு மேல் எவ்வளவு வேண்டுமாயினும் தம் சொத்திலிருந்து திரட்டித் தம் பள்ளிகளுக்கே செலவிட்டுக்கொள்ளும் உரிமை செல்வ மாவட்டங்களுக்கு இருந்தது. தரைமட்டம் அனைவருக்கும் ஒன்றாயிற்று. அதன்மேல் சிலர் மாளிகை எழுப்பினர், சிலர் தரையிலேயே நின்றனர்.

ஒரு நகரம், இரு மாவட்டங்கள்

டெக்சாஸ் மாநிலத்தின் பெருநகரங்களுள் ஒன்று சான் அந்தோனியோ. அப்பெருநகர்ப் பகுதியில் இருந்த ஏழு பள்ளி மாவட்டங்களுள் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்னும் இரண்டையும் ஒப்பிட்டுக் காண்போம். கீழ்வரும் விவரங்கள் 1967-68 ஆம் கல்வியாண்டைச் சார்ந்தவை. பின்னர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றவை.

எட்ஜ்வுட்டில் 25 பள்ளிகள். ஏறத்தாழ 22,000 மாணவர்கள். அவர்களுள் நூற்றுக்கு 90 பேர் மெக்சிக்க வழியினர். 6 பேருக்கு மேல் கறுப்பினத்தவர். வணிக நிலையங்களும் தொழிற்சாலைகளும் அருகிய, உழைப்பாளர் குடியிருப்புப் பகுதி அது. ஒரு மாணவனுக்கு ஈடான சொத்து மதிப்பு 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் ஆறே பள்ளிகள். ஏறத்தாழ 5,000 மாணவர்கள். பெரும்பாலோர் வெள்ளையர், மெக்சிக்க வழியினர் நூற்றுக்கு 18 பேர், கறுப்பினத்தவர் ஒருவருக்கும் குறைவு. ஒரு மாணவனுக்கு ஈடான சொத்து மதிப்பு 49,000 டாலருக்கு மேல்.

எட்ஜ்வுட் மக்கள் கல்வியில் அக்கறையற்றவர்களா? இல்லை. அவர்கள் 100 டாலருக்கு 1.05 டாலர் வரி செலுத்தினர். அப்பெருநகர்ப் பகுதியிலேயே மிக உயர்ந்த விகிதம் அதுதான். அலமோ ஹைட்ஸ் மக்கள் செலுத்தியது 85 சென்ட் மட்டுமே. அடிப்படைத் திட்டத்திற்குரிய பங்கைச் செலுத்தியபின் எட்ஜ்வுட்டிற்கு எஞ்சியது மாணவன் ஒருவனுக்கு 26 டாலர். அலமோ ஹைட்ஸிற்கு எஞ்சியது 333 டாலர். மாநிலத் திட்டத்திலிருந்து எட்ஜ்வுட்டிற்கு 222 டாலரும், அலமோ ஹைட்ஸிற்கு 225 டாலரும் கிடைத்தன. ஏழைக்கு ஈடு செய்ய வந்த திட்டம், செல்வருக்கு மூன்று டாலர் கூடுதலாகவே தந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மத்திய அரசின் உதவியையும் சேர்த்துக் கூட்டினால், எட்ஜ்வுட் மாணவனுக்கு 356 டாலர். அலமோ ஹைட்ஸ் மாணவனுக்கு 594 டாலர். மிகுதியாக வரி கொடுத்தவர் பிள்ளைக்குக் குறைந்த கல்வியும், குறைவாகக் கொடுத்தவர் பிள்ளைக்கு நிறைந்த கல்வியும் கிடைத்தன.

இவ்வெல்லைக்கோடு தானாக விழுந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டு நகரங்கள் பலவற்றில், இம்மனையை வெள்ளையரல்லாதார்க்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று கிரயப் பத்திரங்களிலேயே நிபந்தனை எழுதினர். சான் அந்தோனியோவின் வடபகுதிக் குடியிருப்புகளிலும் அவ்வழக்கம் இருந்தது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என உச்ச நீதிமன்றம் 1948 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் யார் எங்கே வாழ்வது என்பது முடிவாகிவிட்டது. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நிலத்தில் பிறந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. முதலில் மக்களைப் பிரித்து வைப்பது, பின்னர் அவரவர் எல்லைக்குள் கிடைப்பதைக் கொண்டு அவரவர் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று நடுநிலை பேசுவது - இம்முறையை நாம் நன்கறிவோம்.

மாணவர் எழுச்சியும் வழக்கும்

1968 ஆம் ஆண்டு மே 16 ஆம் நாள் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறி, மாவட்டக் கல்விக் கண்காணிப்பாளரின் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். தகுதி பெற்ற ஆசிரியர் வேண்டும், பழுதுபட்ட கட்டடத்தைச் செப்பனிட வேண்டும் என்பவை அவர்கள் கோரிக்கைகள். அக்கோரிக்கை மிகையன்று. 1968-69 இல் எட்ஜ்வுட் ஆசிரியர்களில் நூற்றுக்கு 47 பேர் முழுத் தகுதியின்றித் தற்காலிக அனுமதியின் பேரில் பணியாற்றியவர்கள். அலமோ ஹைட்ஸில் அத்தகையோர் நூற்றுக்கு 11 பேர்.

பிள்ளைகள் எழுந்தபின் பெற்றோரும் எழுந்தனர். அவர்களுள் ஒருவர் டெமெட்ரியோ ரொட்ரிகஸ், முன்னாள் படைவீரர், கெல்லி விமானப்படைத் தளத்தில் உலோகத் தகடு வேலை செய்த தொழிலாளி. அவருடைய புதல்வர்கள் எட்ஜ்வுட் தொடக்கப் பள்ளியில் பயின்றனர். பெற்றோர் சங்கமாகக் கூடி, ஆர்தர் காக்மன் என்னும் வழக்கறிஞரை அணுகினர். உங்கள் மாவட்ட நிர்வாகத்தின் திறமையின்மையைக் காட்டிலும், மாநிலத்தின் நிதி விதியே உங்கள் பள்ளிகளின் நிலைக்கு மூலகாரணம் என்று அவர் விளக்கினார். 1968 ஜூலையில் டெக்சாஸ் மாநில அரசின் நிதி முறையை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. மூன்று நீதிபதிகள் அடங்கிய மத்திய நீதிமன்றம் 1971 டிசம்பர் 23 அன்று பெற்றோர்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது.

1973 ஆம் ஆண்டுத் தீர்ப்பு

உச்ச நீதிமன்றம் 1973 மார்ச் 21 அன்று தன் தீர்ப்பை வழங்கியது. ஐந்து நீதிபதிகள் மாநில அரசின் பக்கமும், நான்கு நீதிபதிகள் பெற்றோர் பக்கமும் நின்றனர். ஒரே வாக்கினால் ரொட்ரிகஸ் தோற்றார்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் லூயிஸ் பவல். முன்னர் ரிச்மண்ட் நகரப் பள்ளிக் குழுவின் தலைவராக இருந்தவர். அவர் கூறிய காரணங்கள் மூன்று. கல்வி மிக முக்கியமானதே, எனினும் அது அமெரிக்க அரசியலமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அன்று. ஏழை மாவட்டத்தில் வாழ்வோர் அனைவரும் ஏழைகளே என்று மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே ஒரு வகுப்பார் மீது பாகுபாடு என்று கொள்ள இயலாது. பள்ளிகளை உள்ளூர் மக்கள் தம் விருப்பப்படி நடத்தும் தன்னாட்சி மதிக்கத்தக்கது. மாற்றம் வேண்டுமாயின் சட்டமன்றங்களை நாடுக.

மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர்களுள் ஒருவர் தர்குட் மார்ஷல். கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கி வைக்கும் முறையை ஒழித்த 1954 ஆம் ஆண்டுப் பிரவுன் வழக்கில் வழக்கறிஞராக வாதிட்டு வென்றவர். 1967 இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர். மாநிலம் கல்வி வழங்க முன்வருமாயின் அதனை அனைவருக்கும் ஒப்ப வழங்குதல் வேண்டும் என்ற பிரவுன் தீர்ப்பின் நெறியிலிருந்து நீதிமன்றம் பின்வாங்கிவிட்டதாக அவர் வருந்தினார்.

மற்றொருவரான நீதிபதி பைரன் ஒயிட், தன்னாட்சி வாதத்தைக் கணக்கினாலேயே உடைத்தார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மிக மிகுதியாக வரி வருவாய் பெறும் மாவட்டத்திற்கு நிகராகத் திரட்ட விரும்பினால், அலமோ ஹைட்ஸ் 100 டாலருக்கு 68 சென்ட் வரி விதித்தால் போதும், எட்ஜ்வுட்டோ 5.76 டாலர் விதிக்க வேண்டும். ஆனால் 1.50 டாலருக்கு மேல் விதிக்கலாகாது என்பது டெக்சாஸ் சட்டம். ஆகவே எட்ஜ்வுட் மக்கள் தம்மை எவ்வளவு வருத்திக்கொண்டாலும் சமநிலையை எட்டச் சட்டமே இடம் தரவில்லை. கையில் பொருளில்லாதவனிடம், நீ விரும்பியதை வாங்கிக்கொள்ளும் உரிமை உனக்குண்டு என்று சொல்வதைத் தன்னாட்சி என்று அழைக்க முடியுமா?

மாநில நீதிமன்றங்களின் வழி

நாட்டின் அரசியலமைப்பில் கல்வி இடம்பெறாவிடினும், அங்குள்ள மாநிலங்களின் அரசியலமைப்புகளில் அது இடம்பெற்றுள்ளது. ஆகவே போராட்டம் மாநில நீதிமன்றங்களை நோக்கித் திரும்பியது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1971 ஆம் ஆண்டே செரானோ வழக்கில் வழிகாட்டியிருந்தது. அம்மாநிலத்தில் பால்டுவின் பார்க் என்னும் எளிய ஊரின் வரி விகிதம் பெவர்லி ஹில்ஸ் என்னும் செல்வர் நகரின் விகிதத்தைப் போல் இரு மடங்குக்கு மேல். மாணவனுக்குச் செய்த செலவோ பாதியளவுதான். நியூஜெர்சி மாநிலத்தில் ரொட்ரிகஸ் தீர்ப்புக்கு இரு வாரங்களுக்குப் பின், 1973 ஏப்ரலில், மாநில உச்ச நீதிமன்றம் நிதி முறையைச் செல்லாதென்றது. சட்டமன்றம் தயங்கியபோது 1976 ஜூலையில் பள்ளிகளுக்கான செலவையே நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதன்பின்னரே அம்மாநிலத்தில் வருமான வரி பிறந்தது.

டெக்சாஸில் 1984 ஆம் ஆண்டு எட்ஜ்வுட் மாவட்டமும் வேறு ஏழை மாவட்டங்களும் மீண்டும் வழக்குத் தொடர்ந்தன. வாதிகளுள் ரொட்ரிகஸும் இருந்தார். இப்பொழுது மிகச் செல்வ மாவட்டத்தில் ஒரு மாணவனுக்கு ஈடான சொத்து 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல். மிக ஏழை மாவட்டத்தில் ஏறத்தாழ 20,000 டாலர். அதாவது 700 க்கு ஒன்று. மிகச் செல்வமுடைய 100 மாவட்டங்கள் சராசரி 47 சென்ட் வரி விதித்து மாணவனுக்கு 7,233 டாலர் செலவிட்டன. மிக ஏழ்மையான 100 மாவட்டங்கள் 74.5 சென்ட் வரி விதித்து 2,978 டாலரே செலவிட்டன. 1989 அக்டோபர் 2 அன்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ஏழை மாவட்டங்களின் பக்கம் தீர்ப்பளித்தனர். திறமையான இலவசப் பள்ளி முறையை அமைப்பது சட்டமன்றத்தின் கடமை என்கிறது மாநில அரசியலமைப்பு. ஒரே அளவு வரி முயற்சிக்குப் பெரிதும் வேறுபட்ட வருவாய் தரும் முறை திறமையானதன்று என்பதே தீர்ப்பின் சாரம்.

வென்றதோடு வேலை முடியவில்லை. சட்டமன்றம் இயற்றிய சட்டங்கள் 1991 இலும் 1992 இலும் நீதிமன்றத்தால் தள்ளப்பட்டன. 1993 மே மாதம் முதல் நாள், செல்வ மாவட்டங்களின் வருவாயைப் பகிர்ந்தளிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை வாக்காளர்கள் தோற்கடித்தனர். அம்மாத இறுதிக்குள் சட்டமன்றம் வேறொரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு மாணவனுக்கு 2,80,000 டாலருக்கு மேல் சொத்து மதிப்புள்ள மாவட்டங்கள், மிகுதியைப் பிற மாவட்டங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் உட்கிடை. செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த கதைத் தலைவனாகிய ராபின் ஹூட்டின் பெயரால் மக்கள் அதனை அழைத்தனர். 1995 ஜனவரியில் நீதிமன்றம் அதனை ஏற்றது.

1968 இல் வழக்குத் தொடங்கியபோது முதல் வகுப்பில் இருந்த குழந்தைக்கு 1995 இல் முப்பது வயது கடந்துவிட்டது. ரொட்ரிகஸின் பிள்ளைகளுக்கு அச்சட்டத்தால் யாதொரு பயனும் விளையவில்லை. ஆயினும் அவர் விலகிச் செல்லவில்லை. 2013 ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

வரலாறு தரும் படிப்பினைகள்

முதலாவது, சமத்துவம் என்பது உள்ளதைப் பிரிப்பதோடு நிறைவுறுவதன்று. போதிய அளவு திரட்டவும் வேண்டும். கலிபோர்னியாவில் மாவட்டங்களுக்கிடையேயுள்ள வேற்றுமை பெரிதும் குறைந்தது. ஆனால் 1978 ஜூனில் வாக்காளர்கள் சொத்து வரிக்குக் கடும் உச்சவரம்பு விதித்தனர். பின்னாளில் மாணவன் ஒருவனுக்கு அம்மாநிலம் செய்த செலவு நாட்டின் சராசரிக்கும் கீழே சென்றது. வறுமையைச் சமமாகப் பங்கிடுவது நாம் வேண்டும் சமத்துவமன்று.

இரண்டாவது, எதனை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பதில் விழிப்பு வேண்டும். சொத்து மதிப்பு நிலத்தின் செல்வத்தைக் காட்டும். குழந்தையின் வீட்டு நிலையைக் காட்டாது. மாணவர்களுள் பெரும்பாலோர் ஏழைகளாக உள்ள ஹூஸ்டன் நகர மாவட்டமும், நிலமதிப்பு உயர்ந்த காரணத்தால், 2017 முதல் பகிர்வுத் தொகை செலுத்த வேண்டியதாயிற்று.

மூன்றாவது, பணத்தால் கல்வி உயராது என்னும் கூற்றை நாம் எளிதில் ஏற்கலாகாது. ஜேம்ஸ் கோல்மன் 1966 இல் வெளியிட்ட பேரறிக்கை, பள்ளியின் வசதிகளைக் காட்டிலும் குடும்பச் சூழலே மாணவர் தேர்ச்சியோடு மிகுதியும் தொடர்புடையது என்றது. அதனைப் பற்றிக்கொண்டு, ஏழைப் பள்ளிக்குப் பணம் எதற்கு என்று வாதிட்டோர் பலர். ஆனால் கிராபோ ஜாக்சனும் உடனாய்வாளர் இருவரும் 2016 இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய நீதிமன்றத் தீர்ப்புகளால் நிதி உயர்ந்த மாவட்டங்களின் பிள்ளைகளைப் பெரியவராகும் வரை தொடர்ந்து கண்டது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பிலும் செலவு நூற்றுக்குப் பத்து உயர்ந்தபோது, ஏழைக் குடும்பப் பிள்ளைகள் ஏறக்குறைய அரையாண்டு கூடுதலாகப் படித்தனர். பின்னாளில் அவர்கள் பெற்ற ஊதியமும் நூற்றுக்குப் பத்தளவு உயர்ந்தது. செல்வக் குடும்பப் பிள்ளைகளிடம் அத்துணை மாற்றம் காணப்படவில்லை. ஏழைப் பிள்ளைக்கே பள்ளி பெரும் துணை என்பதை இது மெய்ப்பிக்கிறது.

நான்காவது, வெற்றி நிலையானதன்று. 2016 மே மாதத்தில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், அம்மாநில நிதி முறை குறைபாடுடையதாயினும் அரசியலமைப்பு வேண்டும் குறைந்த அளவை எட்டிவிட்டது என்று கூறி வழக்கைத் தள்ளியது. காவல் தளர்ந்த வேலியில் கால்நடை புகும்.

முடிவுரை

அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 12 அன்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி மானியம் பற்றிப் பேசியபோது கணக்கோடுதான் பேசினார். கல்விக்காகத் தலைக்கு 14 அணா செலவிடும் அரசு, கலால் வருவாயாக மக்களிடமிருந்து தலைக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் வாங்குகிறதே என்று சுட்டினார். மக்களிடம் அவ்வாறு வாங்கும் அளவேனும் அவர்கள் கல்விக்குத் திருப்பித் தருக என்பது அவர் கோரிக்கை. உரிமை கேட்போர் வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கக் கற்றிருக்க வேண்டும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

நம் மாநிலத்தில் ஆசிரியர் ஊதியம் ஊருக்கு ஊர் மாறுபடவில்லை என்று கண்டோம். அமெரிக்க ஏழைகள் கால் நூற்றாண்டு போராடியும் முழுமையாக எட்டாத ஒன்று அது. அதனை நாம் காத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வேற்றுமை வேறு வழிகளில் புகக்கூடும். முன்னாள் மாணவர் நன்கொடை, வணிகர் உதவி, தொழில் நிறுவனங்களின் கொடை ஆகியவை செல்வாக்குள்ள ஊரின் பள்ளியையே முதலில் நாடும். ஆதிதிராவிடர் குடியிருப்பை ஒட்டிய பள்ளிக்கு அத்தகைய செல்வ மாணவர் முன்னர் இருந்திலர். கொடை நல்லது, ஆனால் கொடையை நம்பி அரசு தன் கடமையைக் குறைத்துக்கொள்ளுமாயின், அது எட்ஜ்வுட்டும் அலமோ ஹைட்ஸும் நம் ஊரில் பிறப்பதற்கே வழி செய்யும். கொடை கிட்டாத பள்ளிக்கு அரசு கூடுதலாகத் தருவதே நேர்மை.

இதனைக் கேட்க நம்மிடம் கருவிகள் உள்ளன. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கும் அதில் உரிய பங்குண்டு. பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், வந்த நிதி செலவிடப்பட்ட வகையைக் கண்காணிப்பதும் அக்குழுவின் பணி. 2005 ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் எந்தப் பள்ளிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று கேட்கும் உரிமையை நமக்கு அளித்துள்ளது. கையெழுத்திடுவதற்கு மட்டும் கூட்டத்திற்குச் சென்று வராமல், நம் தாய்மார்கள் கணக்கேட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு எத்தனை வகுப்பறை, நம் பள்ளிக்கு எத்தனை என்று ஒப்பிட்டு எழுதி அனுப்ப வேண்டும்.

நம் கல்விக் கழகம் தன் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், பிள்ளைகளுக்குப் புத்தகமும் உதவித்தொகையும் வழங்குவதோடு, பெற்றோர்க்குப் பள்ளிக் கணக்கைப் படிக்கும் பயிற்சியும் அளிக்குமாக. சான் அந்தோனியோவின் தகட்டுத் தொழிலாளி ஒருவர், தம் பிள்ளையின் பள்ளிக் கூரை ஏன் பழுதாயிற்று என்று கேட்கத் தொடங்கி, ஒரு மாநிலத்தின் வரிச்சட்டத்தையே மாற்றச் செய்தார். அந்த வினாவை நம் ஊர்தோறும் கேட்பவர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.